ஒரே புகை, வேறு வேறு ருசி

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஹோட்டல் பாரில் புகை மணமுள்ள ஸ்காட்ச் விஸ்கி கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களில் பலர் முதலில் கேட்பது, “இதுல எத்தனை பிபிஎம்?” என்றுதான். எண் பெரிதானால் புகையும் பெரிதாக இருக்கும் என்ற நம்பிக்கை. அதைத் தள்ளிவைத்தால்தான் இந்த விஸ்கிகளின் ருசி பிடிபடும்.

இந்தப் புகை பீட் என்னும் சதுப்பு மண்ணிலிருந்து வருகிறது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மரங்கள் குறைவு. காலங்காலமாக அங்கே அடுப்பெரித்தது பீட்தான். தண்ணீர் தேங்கிய நிலத்தில் பாசியும் புல்லும் ஹெதர் செடியும் முழுக்க மக்காமல் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவுக்குப் படிந்து உண்டாவது அது. கட்டிகளாக வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். விஸ்கிக்கான பார்லியை ஊறவைத்து முளைகட்டி, சூளையில் உலர்த்துவார்கள். அப்போது கீழே பீட்டைப் புகையவிட்டால், ஈரமான தானியத்தில் புகை ஏறிக்கொள்ளும்.

எங்கள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் சீமைக்கருவேலங் கட்டையில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கட்டையை அடுக்கி மண்ணால் மூடிவிடுவார்கள். தீ கொழுந்துவிடக் கூடாது. உள்ளுக்குள் கனிய வேண்டும். முதலில் வெள்ளையாக ஆவி கிளம்பும். அடுத்து, கண்ணைக் கரிக்கும் கனத்த புகை. கடைசியில் மெல்லிய நீலப்புகை. மூட்டக்காரர் புகையின் நிறத்தை வைத்தே உள்ளே கரி எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பீட்டும் அப்படித்தான். கொழுந்துவிட்டு எரிந்தால் சூடுதான் மிஞ்சும். கனிந்து புகைந்தால்தான் மணம்.

அந்த மணம் ஃபீனால் குடும்பத்துச் சேர்மங்களால் வருவது. குவையக்கால் விறகுப் புகையின் மணத்தைத் தரும். கிரெசால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கும் மருந்து வாடையைத் தரும். இந்தச் சேர்மங்கள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதே பிபிஎம் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எடுக்கப்படுவது முளைகட்டிய பார்லியில். அதை அரைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி, வருடக்கணக்கில் பீப்பாயில் வைத்து எடுப்பதற்குள் பெரும்பகுதி போய்விடுகிறது.

பாரில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு, பெயர் சொல்லாமல் இரண்டு கிளாஸ் கொடுத்து முகரச் சொல்வேன். ஒன்று லாகவூலின் 16 ஆண்டு, மற்றது கால் ஈலா 12 ஆண்டு. முதலாவதில் உலர்ந்த பழமும் கடுந்தேநீரும் கலந்த கனமான மணம். புகை தொண்டைவரை நீண்டு நிற்கும். இரண்டாவதில் எலுமிச்சைத் தோல், உப்புக்காற்று, லேசான சாம்பல். சமீபத்தில் உசிலம்பட்டிப் பையன் ஒருவன் லாகவூலின் கிளாஸைத் தொட்டு, “இதுலதான் புகை ரெண்டு மடங்கு இருக்கும்ணே” என்றான். இரண்டும் ஐலா தீவில், போர்ட் எல்லன் ஆலையில் புகையூட்டிய பார்லி. இரண்டிலும் சுமார் 35 பிபிஎம்தான் என்றதும், மறுபடி இரண்டையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தான்.

வித்தியாசம் காய்ச்சும் விதத்தில் இருக்கிறது. கால் ஈலாவின் செம்புக் கொப்பரைகள் உயரமானவை. ஆவி செம்பில் நிறையப் பட்டு மேலேறுவதால் சாராயம் லேசாக வரும். லாகவூலினில் நிதானமாகக் காய்ச்சுவார்கள். எங்கேயானாலும் முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியைத்தான் எடுப்பார்கள். ஃபீனால்கள் பின்பகுதியில்தான் அதிகம் வரும். எந்த நேரத்தில் நிறுத்துவது என்ற காய்ச்சுபவரின் முடிவு புகையின் குணத்தையே மாற்றிவிடும்.

பக்கத்து ஆலைகளையும் பாருங்கள். லஃப்ரோய்க்கில் 40 பிபிஎம்முக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் டிஞ்சரும் கடற்பாசியும் சேர்ந்த மருந்து வாடை முகத்தில் அறையும். ஆர்ட்பெக்கில் சுமார் 55. நாக்கில் முந்தி வருவதோ எலுமிச்சையும் இனிப்பும். அங்கே கொப்பரையோடு சேர்ந்த ஒரு சிறு குழாய், கனமான ஆவியைக் குளிரவைத்து மறுபடி கொப்பரைக்கே அனுப்பிவிடுகிறது. ஆக்டோமோர் வரிசையில் 300 பிபிஎம் தாண்டிய விஸ்கியும் வந்திருக்கிறது. அதைக் குடித்தால் லாகவூலினைவிடப் பத்து மடங்கு புகை தெரியாது.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. பெங்களூர் அம்ருத் ஆலை தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோ நகரில்தான் அறிமுகப்படுத்தியது. அதன் ‘ஃப்யூஷன்’ விஸ்கியில் சுமார் கால் பங்கு ஸ்காட்லாந்தில் பீட் புகையூட்டிய பார்லி, மீதி இந்தியப் பார்லி. தனித்தனியே காய்ச்சிப் பிறகு கலக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூர் வெக்கையில் 10 சதவீதத்துக்கு மேல். மரத்தின் சாரம் சீக்கிரம் இறங்குவதால் சாக்லேட்டும் ஆரஞ்சுத் தோலும் முன்னால் நிற்க, புகை பின்னால் இழையோடும். விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010ஆம் ஆண்டு ‘விஸ்கி பைபிள்’ நூலில் உலக அளவில் இதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் சிறிதளவே ஊற்றி, ஐஸ் போடாமல், வாய் திறந்தபடி முகருங்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். போமோர், கால் ஈலா, லாகவூலின், லஃப்ரோய்க் என்று லேசானதிலிருந்து போனால்தான் நாக்கு மரத்துப்போகாது.

ருசியைத் தாண்டி, பீட்டைப் பற்றி யோசிக்க இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசி ஆண்டுகளில் வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, மதுவிலக்கை ஆதரித்த காந்தியவாதி. எடுக்க எடுக்க ஊறும் செல்வம், எடுத்தால் தீர்ந்துபோகும் செல்வம் என்று இயற்கை வளத்தை அவர் பிரித்தார். பீட் இரண்டாவது வகை. ஒரு மீட்டர் படிய ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகும். நீலகிரியின் உயரமான பள்ளங்களிலும் பீட் உண்டு. அதில் பதிந்த கார்பனை ஆராய்ந்து, 20,000 ஆண்டுப் பருவநிலை மாற்றத்தை ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மழைநீரைப் பிடித்து வைக்கும் அந்த மண்ணை எந்தக் காரணத்துக்காகவும் யாரும் வெட்டக் கூடாது. ஸ்காட்லாந்து ஆலைகளும் பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பீட்டை எரிக்கத் தேவையில்லை. 35 பிபிஎம்மிலேயே இத்தனை ருசி எடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.