வாசலில் நின்று பாடியவர்

போர்க்களத்தில் உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒரு கூர்க்கா சிப்பாய், வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்புகிறான். அம்மா கேட்டால் இப்படிச் சொல், அப்பா கேட்டால் அப்படிச் சொல் என்று ஆளுக்கொரு பதில். எல்லாம் சுற்றி வளைத்த பதில்கள். அண்ணனுக்கு மட்டும், சொத்தில் பங்கு கூடிவிட்டதாகச் சொல்லச் சொல்கிறான்.

நேபாளத்தில் இந்தப் பாட்டைத் தெரியாதவர் குறைவு. பாடியவர் ஜலக்மான் கந்தர்வர். நான் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தவன். அஸ்ஸாமில் கூர்க்கா பட்டாலியன் ஒன்றோடு இருந்தபோது, ராத்திரி லங்கரில் சாப்பாடு முடிந்ததும் ஜவான்கள் இதைப் பாடுவார்கள். வயதான ஹவில்தார் ஒருவர்தான் எனக்கு இந்தியில் அர்த்தம் சொன்னார். அண்ணன் வரி வந்ததும் சிரித்தார். அவருக்கும் ஊரில் பாகப்பிரிவினைத் தகராறு இருந்தது.

ஜலக்மான் பிறந்தது 1935-இல், பொக்காராவை ஒட்டிய பட்டுலேசௌரில். கந்தர்வர்கள் என்ற பாடகர் சாதியினர் சாரங்கியும் கையுமாக ஊர் ஊராக நடந்தவர்கள். வடஇந்தியக் கச்சேரிகளில் பார்க்கிற பெரிய சாரங்கி அல்ல இது. ஒரே மரத்துண்டைக் குடைந்து, கீழ்ப்பாதியில் ஆட்டுத்தோல் போர்த்தி, நான்கு தந்திகள் கட்டியது. கையில் தூக்கிக்கொண்டு மலையேறலாம். வாசலில் நின்று அரசர் கதை, போர்க்கதை, போன வாரம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சரிந்த மலை என எல்லாவற்றையும் பாட்டாகச் சொல்வார்கள். கூலி, அரிசியோ பருப்போ. செய்தித்தாள் எட்டாத மலைகளுக்கு இவர்கள்தான் செய்தி.

ஆனால் வாசற்படியைத் தாண்ட முடியாது. 1854-இல் வந்த முலுகி ஐன் என்ற சட்டம் சாதி அடுக்கையே எழுத்தில் வைத்தது; கந்தர்வர்கள் அதில் தீண்டத்தகாதவர்கள். 1963-இல் வந்த புதிய சட்டம் அந்த அடுக்கைக் கைவிட்டது. சட்டப் புத்தகத்தில் மாறியது வீட்டுப்படியில் அவ்வளவு சுலபமாக மாறவில்லை.

பாட்டில் வரும் சிப்பாய்க்கும் ஒரு பின்னணி உண்டு. 1814-16-இல் நேபாளத்தோடு நடந்த போரின்போதே ஆங்கிலேயர்கள் நேபாள மலைப்பிள்ளைகளைப் படைக்கு எடுக்கத் தொடங்கினார்கள். அப்படிப் போனவர்களை ஊரில் 'லாகுரே' என்பார்கள். இரண்டு உலகப் போர்களிலும் லட்சக்கணக்கில் போனார்கள். 1947-இல் கூர்க்கா ரெஜிமெண்டுகள் பத்தில் ஆறு இந்தியாவுக்கு, நான்கு பிரிட்டனுக்கு என்று பிரிந்தன. திரும்பாதவனின் வீட்டுக்குக் காகிதம் வரும். வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்க வேண்டுமே. அந்த இடத்தில்தான் கந்தர்வரின் பாட்டு நின்றது. இந்தப் பாட்டை வெறும் சோகப்பாட்டு என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. சாவுச்சேதியைச் சுமந்துபோய் வாசலில் இறக்கிவைக்கும் தொழில் தெரிந்தவனின் பாட்டு இது. எந்த உறவிடம் எதை, எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

1951-இல் தொடங்கிய ரேடியோ நேபாளம், 1960-களில் ஜலக்மானின் குரலை நாடு முழுக்கக் கொண்டுபோனது. எந்த வீட்டுக்குள் அவரால் நுழைய முடியாதோ, அந்த வீட்டு அலமாரியில் இருந்த டிரான்சிஸ்டரில் அவர் பாடினார். பெயர் கிடைத்தது, புகழ் கிடைத்தது. அதே ரேடியோ செய்தியும் வாசித்தது. பிறகு சேதி கேட்க வாசலுக்கு வர யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. ஒருவரை உயர்த்திய பெட்டி, அவர் இனத்தாரின் பிழைப்பில் கைவைத்துவிட்டது.

2003-இல் ஜலக்மான் இறந்தார். இன்று காத்மாண்டுவின் தமேல் தெருக்களில், கந்தர்வ இளைஞர்கள் சின்னச் சாரங்கிகளைச் சுற்றுலாப் பயணிகளிடம் விற்கிறார்கள். கேட்டால் வாசித்தும் காட்டுகிறார்கள்.

கேட்க விரும்பினால் அவருடைய பழைய ரேடியோப் பதிவையே தேடுங்கள். கீபோர்டும் எதிரொலியும் சேர்த்துப் பிற்காலத்தில் மற்றவர்கள் பாடியவற்றை நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அவற்றில் அழுகைதான் கேட்கிறது. ஜலக்மான் அழுவதில்லை, ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்கிறார்.