கடைத்தெருவும் கைத்துப்பாக்கியும்

நெல்லைச் சீமையின் தேநீர்க் கடைகளில் பழைய அட்டை ஒன்று தொங்குவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். "இங்கு அரசியல் பேசாதீர்கள்" என்பதே அதிலுள்ள வாசகம். அரசியல் பேசுவதை இந்நாட்டின் சட்டம் தடுக்கவில்லை. பேச்சுரிமை அரசியல் சாசனமே வழங்கிய உரிமையாகும். ஆயினும் அந்த அட்டையைக் கண்டதும் நாம் குரலைத் தாழ்த்திக் கொள்கின்றோம். கடைக்காரருடன் வழக்காடுவதில்லை. கடை அவருடையது, அங்கே நாலு பேர் நிம்மதியாகத் தேநீர் அருந்த வேண்டும் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையை நாம் மதிக்கின்றோம்.

இந்தச் சிறிய அட்டைக்குள் பெரியதொரு கேள்வி அடங்கியிருக்கின்றது. சட்டம் ஒருவருக்குத் தந்த உரிமையை, அவர் இன்னொருவரின் வாசலுக்குள்ளும் கொண்டு வரலாமா? கடைக்காரர் "வேண்டாம்" என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டா? அமெரிக்காவில் இக்கேள்வி துப்பாக்கியைப் பற்றி எழுந்தது. நமது தாமிரபரணிக் கரையிலோ அரிவாளைப் பற்றி எழுந்து நிற்கின்றது. இரண்டையும் சேர்த்துச் சிந்திப்பது நம் இல்லங்களுக்கும் கடைகளுக்கும் பயன் தரும்.

பால் வாங்கும் இடத்தில் துப்பாக்கி

அமெரிக்காவின் பல மாநிலங்களில், பிறர் கண்ணில் படும்படி துப்பாக்கியை ஏந்திச் செல்வது சட்டப்படி குற்றமாகாது. டெக்சாஸ் மாநிலத்தில் 2016 ஜனவரி முதல் உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கவிட்டுச் செல்லலாம் என்றாயிற்று. 2021 செப்டம்பர் முதல், தகுதியுடைய வயது வந்தோருக்கு உரிமமும் தேவையில்லை என்றாகிவிட்டது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாலும் ரொட்டியும் வாங்கச் செல்லும் தாய்க்குப் பக்கத்தில், தோளில் நீண்ட துப்பாக்கியுடன் ஒருவர் நிற்கின்றார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் நல்லவரா, கெட்டவரா? முகத்தைப் பார்த்து எப்படி அறிவது?

இந்தச் சங்கடம் கடைக்காரர்களையே முதலில் தாக்கியது. ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை நிறுவனத்தின் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், 2013 செப்டம்பரில் பகிரங்கக் கடிதம் ஒன்றின் வாயிலாக, துப்பாக்கியுடன் தம் கடைகளுக்கு வர வேண்டாமென வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார். அது தடையன்று, வேண்டுகோளே என்பதையும் தெளிவுபடுத்தினார். 2014 ஜூலையில் டார்கெட் நிறுவனமும் அவ்வாறே வேண்டியது.

பிறகு அந்தக் கொடிய நாள் வந்தது. 2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்சாஸின் எல் பாசோ நகரில் வால்மார்ட் கடை ஒன்றில் ஒருவன் சுட்டதில் மொத்தம் 23 உயிர்கள் பலியாயின. ஐந்தே நாட்களில், மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள வால்மார்ட் கடைக்குள் வேறொரு இளைஞன் குண்டு துளைக்காத கவசத்துடனும், நீண்ட துப்பாக்கியுடனும், நூறுக்கு மேற்பட்ட தோட்டாக்களுடனும் நுழைந்தான். மக்கள் அலறியடித்து ஓடினர். தன் உரிமையைக் கடைக்காரர்கள் மதிக்கின்றார்களா எனச் சோதித்துப் பார்க்கவே வந்ததாக அவன் கூறினான்! அவன் ஒரு முறையும் சுடவில்லை. ஆனால் அன்று அங்கிருந்த தாய்மார்களின் நெஞ்சம் பட்ட பாட்டை எந்தச் சட்டப் புத்தகம் அளந்து சொல்லும்?

2019 செப்டம்பர் 3 அன்று வால்மார்ட் தன் முடிவை அறிவித்தது. கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் விற்பதை, இருப்பு தீர்ந்ததும் நிறுத்துவதாகவும், சட்டம் அனுமதிக்கும் மாநிலங்களிலும் வாடிக்கையாளர்கள் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தித் தம் கடைகளுக்கு வர வேண்டாம் எனவும் அது கூறியது. குரோகர் முதலிய பிற நிறுவனங்களும் அடுத்த சில நாட்களில் அவ்வழியே நடந்தன.

இதற்குச் சட்டத்தில் இடமுண்டா? உண்டு. தனியார் இடத்தின் உரிமையாளர் தம் வாசலுக்குள் துப்பாக்கி கூடாதென்று சொல்ல அந்நாட்டில் பொதுவாகவே உரிமை உள்ளது. டெக்சாஸில் அதற்கென ஓர் அறிவிப்புப் பலகையையே சட்டம் வகுத்துள்ளது. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துக்களில், வாசலில் தெளிவாகத் தெரியும்படி அது இருத்தல் வேண்டும். அதைக் கண்ட பிறகும் ஏந்தி நுழைபவர் அத்துமீறி நுழைந்தவராவார்.

இதை எதிர்ப்போரின் வாதத்தையும் கேட்பதே நியாயம். "கொலை செய்ய வருபவன் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவானா? சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நல்லவன் மட்டுமே வெறுங்கையனாகின்றான்" என்கின்றனர் அவர்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. பலகை ஒன்று தோட்டாவைத் தடுக்காதுதான். ஆனால் பத்துப் பேர் துப்பாக்கியுடன் உலவும் கடையில் பதினோராவது ஆள் கொலைகாரன் என்பதைக் கல்லாவில் நிற்கும் பெண் எவ்வாறு கண்டுகொள்வாள்? ஓடிவரும் காவலர்தான் எவ்வாறு கண்டுகொள்வார்? எவருமே ஏந்தாத இடத்தில், ஏந்தி வருபவன் வாசலிலேயே அடையாளம் காணப்படுகின்றான். பலகையின் பயன் அதுவே.

நம் நாட்டுச் சட்டம்

அல்ஹம்துலில்லாஹ், நம் கடைவீதிகளில் இக்காட்சி இல்லை. வங்கி வாசலிலும் பெரிய நகைக்கடை வாசலிலும் காவலாளியின் கையில் காணும் துப்பாக்கியே பெரும்பாலும் நாம் காணும் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். உரிமம் பெற்றவரும் அதைத் திருவிழாவுக்கோ, சமய ஊர்வலத்துக்கோ, கல்விக் கூட வளாகத்துக்கோ சிறப்பு அனுமதியின்றிக் கொண்டு செல்லலாகாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் எடுத்துச் செல்லும் துப்பாக்கி உறையிலிட்டு முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்றும், அதை ஓங்கிக் காட்டுதல் கூடாது என்றும் கட்டளையிடுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மகிழ்ச்சிக் கொண்டாட்டம் என்ற பெயரில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுடுபவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நம் சீமைக்கு இவ்வகையில் கசப்பான வரலாறும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள் முடிந்ததும், சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு 1801 டிசம்பர் 1 அன்று ஒரு பிரகடனம் வெளியிட்டு, திருநெல்வேலிச் சீமையிலும் ஏனைய தென்பாளையங்களிலும் மக்கள் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தார். கோட்டைகள் தகர்க்கப்பட்டன. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ இந்தியருக்கு உரிமத்தை விதித்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்நியன் தன் ஆட்சியைக் காக்க நம் ஆயுதத்தைப் பறித்தான். அது அநீதி. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அச்சமின்றிக் கடைக்குப் போய்வர வேண்டும் என்பதற்காக நாமே நமக்கு விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு முற்றிலும் வேறானது.

பொருநைக் கரையின் இரும்பு

இக்கரையில் இரும்பு புதிதன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுடன் இரும்பு வாள்களும் வேல்களும் கிடைத்தன. கொற்கைக்கு அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பு, கி.மு. 3345ஆம் ஆண்டளவு பழமையானது என 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வு நூல் கூறுகின்றது. அவ்விரும்பு வயலுக்கு அரிவாளாயிற்று. வாழைத் தோட்டத்துக்குக் கத்தியாயிற்று. வீட்டு அடுக்களையில் அரிவாள்மனையாகி நம் தாய்மாருக்கு உதவிற்று. இல்லத்துக்கும் உழவுக்கும் என்றே அமைந்த கருவிகளை ஆயுதச் சட்டமும் ஆயுதமாகக் கொள்ளவில்லை.

அந்த அரிவாளே பகைக்கும் கருவியாகிவிட்டது என்பதுதான் நம் துயரம். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல் துறை மாநிலமெங்கும் நடத்திய தேடுதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் பிடிபட்டன. ஒரு சில நாட்டுத் துப்பாக்கிகளைத் தவிர ஏனையவை கத்தியும் அரிவாளுமே. அன்றைய காவல் துறைத் தலைவர் சைலேந்திர பாபு, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகளுக்கும் விற்கும் கடைகளுக்கும் அறிவுரை விடுத்தார். வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கும் நோக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். கடையில் கண்காணிப்புக் கேமரா பொருத்துதல் வேண்டும் என்பன அவ்வறிவுரையின் சாரம்.

உலைக்களத்தில் வியர்வை சிந்தும் தொழிலாளிக்கு இது சுமைதான். "விதைப்புக்கும் அறுப்புக்கும் வாங்க வருபவரிடம் விசாரணை நடத்துவதா?" என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், சாதிப் பகை கொண்ட சக மாணவர்கள்! அதன் பின்னரே நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அதன் அறிக்கை அரசிடம் அளிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் புத்தகப் பைக்குள்ளிருந்து அரிவாள் வெளிவந்தது. சக மாணவனும், தடுக்கப் பாய்ந்த ஆசிரியையும் வெட்டுப்பட்டனர்.

பதின்பருவப் பிள்ளையிடம் உழவுக்கு வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. அவனுக்கு அரிவாளைக் கொடுத்த கை யாருடையது? ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு வேளை அந்தக் கை நின்றிருக்குமே!

அம்பின் முனை

இவ்விடத்தில் நம் நெஞ்சில் பதிய வேண்டிய நபிமொழி ஒன்று உண்டு. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றிருப்பது அது. பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அம்புகளுடன் செல்பவர், எவருக்கும் காயம் ஏற்படாதவாறு அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டுமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

எத்துணை நுட்பமான கட்டளை! அம்பு வைத்திருப்பது அன்றைய வாழ்வின் தேவை. வேட்டைக்கும் தற்காப்புக்கும் அது வேண்டியிருந்தது. அண்ணலார் அம்பைப் பறிக்கவில்லை. மக்கள் கூடும் இரண்டு இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே அதன் கூர்மையை ஏந்துபவனின் கைக்குள்ளேயே அடக்கினார்கள். கவனமின்மையால் காயம் நேருமானால் அது முதலில் அவன் கையிலே நேரட்டும். அடுத்தவர் உடலில் வேண்டாம் என்பதன்றோ இதில் நாம் பெறும் பாடம்! உறையிலிடாத வாளைப் பிறர் கையில் கொடுப்பதையும், விளையாட்டுக்காகவேனும் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் அவர்கள் தடுத்ததாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. பெருநாள் அன்றும் புனித ஹரம் எல்லையிலும் ஆயுதம் ஏந்துவது வெறுக்கப்படுவது குறித்து இமாம் புகாரி தம் நூலில் தனித் தலைப்பே வகுத்துள்ளார்கள். கூட்டம் கூடும் இடத்தில் கூர்மை மறைய வேண்டும் என்று இன்றைய சட்டங்கள் கூறுவதை, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கடைத்தெரு கேட்டிருக்கின்றது.

நாம் செய்யக் கூடியவை

நம் சமுதாயத்தினர் மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர், காயல்பட்டினம் எனப் பல ஊர்களில் வணிகம் செய்கின்றனர். முத்துக்குப் பெயர் பெற்ற கொற்கைத் துறை தூர்ந்த பின் காயலில் தழைத்த வணிகத்தின் வழிவந்தோரும் அவர்களில் உண்டு. பல நாட்டாரும் பல மொழியாரும் நம்பி வந்து போனதால் வாழ்ந்த வணிகம் அது. நம்பிக்கையே கடையின் முதல்.

ஆகவே கடை வைத்திருப்போர், "வேலைக் கருவிகளை மூடி, வாசலில் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்" என ஓர் அட்டை தொங்கவிடலாம். தோட்டத்திலிருந்து நேரே வரும் உழவர் இதற்கு மனம் கோணமாட்டார். அன்பாகச் சொல்லுதல் வேண்டும், அவ்வளவே. சாதியோ சமயமோ பார்த்து ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் விட்டால் விதி என்ற சொல்லுக்கே பொருளில்லை. ஓங்கிய ஆயுதத்துடன் எவரேனும் நுழைந்தால், கடைப் பையன்கள் வீரம் காட்டாமல், வாடிக்கையாளரை வெளியேற்றிவிட்டு 100 அல்லது 112 என்ற எண்ணை அழைக்கப் பழக்குங்கள். இரும்புக் கடை நடத்துவோர், சிறுவர்களுக்குக் கத்தியோ அரிவாளோ விற்பதில்லை என உறுதி கொள்ளுங்கள். அறிமுகமற்றவரிடம் "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளையின் புத்தகப் பையை வாரம் ஒரு முறையேனும் திறந்து பாருங்கள். கைப்பேசியில் அரிவாளுடன் படம் எடுத்துப் பரப்புவது வீரம் என்று அவன் எண்ணினால், அம்பின் முனையைக் கையில் பொத்திக்கொண்டு கடைத்தெருவில் நடந்த அந்த நல்லோரின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். வீரம் அங்கேதான் இருந்தது.

"கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதி வைத்த நம் கடைச் சுவர்களில் இன்னும் ஓர் அட்டைக்கு இடமிருக்கின்றது.