மழையை நம்பாத மின்சாரம்

கென்யாவின் மிக நீளமான ஆறு தானா. மசிங்கா, கம்புரு, கிதாரு, கிண்டருமா, கியம்பெரே என அதன்மேல் அடுத்தடுத்து ஐந்து நீர்மின் நிலையங்கள் உள்ளன. பல ஆண்டுகளாக நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரிலிருந்தே வந்தது. புகையில்லாத மின்சாரம்தான், ஆனால் மழை பொய்த்தால் அதுவும் பொய்த்துவிடும். 1999-2000இல் கடும் வறட்சி வந்தபோது அணைகள் வற்றின. மின்சாரம் முறைவைத்து வழங்கப்பட்டது. அவசரத்துக்கு வாடகை டீசல் ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்ததில் செலவும் எகிறியது. 2009இலும் வறட்சி இதே பாடத்தைக் கற்பித்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பதாலேயே ஒரு மின் ஆதாரம் பருவநிலை மாற்றத்தைத் தாங்கிவிடாது.

வறட்சி எட்டாத ஆதாரம் கென்யாவின் நிலத்தடியிலேயே இருக்கிறது. நைவாஷா ஏரிக்கு அருகிலுள்ள ஒல்காரியா, கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே பூமியின் மேலோடு மெலிந்து, சூடான பாறைகள் அதிக ஆழமில்லாமலே கிடைக்கின்றன. இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டால் அழுத்தத்துடன் நீராவி பீறிட்டு வரும். அது டர்பைனைச் சுழற்றும். குளிர்ந்த நீரை மீண்டும் நிலத்துக்குள் செலுத்திவிடலாம். இரவு பகல், மழை வெயில் என்ற பேதமே இதற்கில்லை. இங்கே முதல் 15 மெகாவாட் அலகு 1981இலேயே இயங்கத் தொடங்கியது. பிறகு வளர்ச்சி ஏன் இவ்வளவு மெதுவாக இருந்தது? ஒரு கிணறு தோண்டப் பல பத்து லட்சம் டாலர் ஆகும். தோண்டிய இடத்தில் நீராவி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அந்த இழப்பை ஏற்கத் தனியார் முதலீட்டாளர்கள் தயங்கினார்கள். அதனால் 2008இல் அரசே புவிவெப்ப மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கி, தோண்டும் அபாயத்தைத் தன் தலைமேல் ஏற்றது. கென்யாவின் மின்திட்டங்களில் மிகத் துணிச்சலான முடிவு இதுதான். 2014இல் ஒல்காரியாவில் மட்டும் 280 மெகாவாட் கூடியது. இன்று நாட்டின் மின்னுற்பத்தியில் நீரை முந்தி முதலிடத்தில் இருப்பது புவிவெப்பம்.

காற்றாலைக் கதை இவ்வளவு சீராக அமையவில்லை. வறண்ட வடக்கில், துர்கானா ஏரிக்கருகே 365 காற்றாலைகள், ஏறத்தாழ 310 மெகாவாட் திறனுடன் 2017இலேயே தயாராகிவிட்டன. ஆனால் தெற்கே சுஸ்வா துணைமின் நிலையம் வரையிலான 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரழுத்த மின்பாதை முடியவில்லை. அதைக் கட்டிய ஒப்பந்த நிறுவனம் நொடித்துப்போனது. 2018 செப்டம்பரில்தான் மின்சாரம் பாய்ந்தது. அதுவரை, வராத மின்சாரத்துக்கு அரசு தண்டம் கட்ட நேர்ந்தது. காற்றாலைகள் அமைந்த நிலத்தைக் காலங்காலமாக மேய்ச்சலுக்குப் பயன்படுத்தி வந்த மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிலப் பட்டாக்கள் சட்டமுறைப்படி வழங்கப்படவில்லை என்று 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்பாதையும் மக்களின் ஒப்புதலும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டியவை.

இன்று கென்யாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு புதுப்பிக்கத்தக்க ஆதாரங்களிலிருந்து வருகிறது. ஆனாலும் மாலையில் தேவை உச்சத்தைத் தொடும்போது பற்றாக்குறை. நள்ளிரவில் தேவை குறையும்போது ஒல்காரியாவின் நீராவி வீணாகக் காற்றில் விடப்படுகிறது. அந்த மிச்சத்தை மாலைவரை சேர்த்துவைக்கப் பெரிய மின்கலங்களும், மேட்டுக்கு நீரேற்றி மீண்டும் மின்சாரமாக்கும் நிலையங்களும் தேவை. புதிய ஆலைகளைவிட இவற்றுக்கே இப்போது முன்னுரிமை தர வேண்டும்.