வானிலை அறிக்கையும் மானாவாரி விதைப்பும்

மழையை நம்பி விதைக்கும் குடியானவருக்கு முதல் மழையே பெரும் பரீட்சையாகும். ஐப்பசி பிறக்குமுன் ஒரு மாலையில் இடி மின்னலுடன் பூமி நனைகிறது. பருவம் தொடங்கிவிட்டதென்று கருதி அவர் விதைத்து விடுகிறார். பின்னர்ப் பத்து நாள் வெயில் காய, முளைத்த பயிர் கருகி, விதைக்கும் கூலிக்கும் மறுமுறை செலவு செய்ய நேரிடுகிறது. இந்நஷ்டத்திற்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு: பெய்த மழை எவ்வகையினது என்பதை ஆராயாமை ஒன்று; வானிலை அறிக்கையின் சொற்களுக்குரிய பொருளைச் சரிவர அறியாமை மற்றொன்று. இவற்றைச் சுருக்கமாக விளக்குவோம்.

மழையின் வகைகள்

1. இடிமழை: வெயிலால் தரை காய்ந்து, அதனை அடுத்துள்ள ஈரக்காற்று விரைவாக மேலெழுந்து குளிர்வதால் உண்டாவது. சித்திரை, வைகாசியிலும், பருவக்காற்று மாறும் புரட்டாசியிலும் இதனை மிகுதியாகக் காணலாம். இது சிறு பரப்பில், சிறிது நேரமே பெய்யும்; ஓர் ஊரில் வாய்க்கால் ஓட, அடுத்த ஊரில் புழுதி பறக்கும். ஆலங்கட்டி விழுவதும் இவ்வகை மேகங்களிலிருந்தேயாம்.

2. மலைமழை: தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுவதால் உண்டாவது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லார் இதனால் பெருமழை பெறுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ வெப்பமடைந்து வறண்டு விடுவதால், கிழக்கேயுள்ள சமவெளிக்குப் பலத்த காற்றே மிஞ்சுகிறது.

3. வடகிழக்குப் பருவமழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகளாலும் புயல்களாலும் வலுப்பெறுவது. பல ஜில்லாக்களில் பல நாள் நீடித்து ஏரி குளங்களை நிரப்புவது இதுவே. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இம்மூன்று மாதங்களிலேயே கிடைக்கிறது. அளவு மீறின் சேதமும் பெரிதே. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 18-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று.

விதைப்புக்கு உறுதியளிப்பது மூன்றாம் வகையேயன்றி, புரட்டாசியின் தனி இடிமழையன்று.

அறிக்கையின் சொற்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தார் வெளியிடும் அறிக்கையில் பரப்பைக் குறிக்கும் சொற்களும் அளவைக் குறிக்கும் சொற்களும் வெவ்வேறாக உள்ளன. "ஓரிரு இடங்களில்" என்றால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாத இடங்களில் மழை பெய்யும் என்பது பொருள். "ஒரு சில இடங்களில்" என்பது 26 முதல் 50 வரையும், "அநேக இடங்களில்" என்பது 51 முதல் 75 வரையும், "பெரும்பாலான இடங்களில்" என்பது அதற்கு மேலும் ஆகும். அவ்வாறே 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை.

ஆகவே, "ஓரிரு இடங்களில் கனமழை" என்று கூறியிருக்கத் தம் ஊரில் பெய்யவில்லையெனின், அறிக்கை பொய்த்ததென்று கொள்ளலாகாது. அச்சொற்களைக் காரியத்திற்குத் தக்கவாறு பயன்படுத்துதல் வேண்டும். வடிகாலை வெட்டிவிடுதல், அறுத்த கதிரைக் களத்தில் மூடி வைத்தல், மேலுரம் இடுவதை இரண்டு நாள் தள்ளிவைத்தல் முதலியவற்றிற்குச் செலவு சொற்பம்; மழை பெய்யாவிடினும் நஷ்டமில்லை. எனவே "ஓரிரு இடங்களில்" என்ற எச்சரிக்கையே இவற்றிற்குப் போதும். விதைப்போ அத்தன்மையதன்று. "அநேக இடங்களில்" மழை தொடரும் என்ற அறிவிப்பும், நிலத்தில் போதிய ஈரமும் ஒருங்கே அமையும்வரை காத்திருத்தல் நலம். கரிசல் நிலத்தில் பருவத்திற்கு முன்னரே சோளம் விதைப்போர் இரண்டு அங்குல ஆழத்தில் விதைத்தல் வேண்டும். அவ்விதை மேலோட்டமான தூறலுக்கு முளையாது, ஈரம் ஆழ இறங்கிய பின்னரே முளைக்கும்.

மழையை அளத்தல்

"ஓர் உழவு மழை", "இரண்டு உழவு மழை" என்று நம் முன்னோர் கணக்கிட்டது மண்ணில் இறங்கிய ஈரத்தையாகும். அது செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் வேறுபடும். வானம் தந்ததை அளக்க மழைமானியே வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் நீராகும். 25 மில்லிமீட்டர் ஏறக்குறைய ஓர் அங்குலம். மழைமானி இல்லாதவர், வாய் முதல் அடிவரை ஒரே அகலமுள்ள தட்டையடிப் பாத்திரத்தைத் திறந்த வெளியில், மரத்திற்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்தில் வைத்து, தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் அளக்கலாம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளப்பதே முறை.

கிராம அதிகாரிகள் இவ்வளவைத் தேதிவாரியாகக் குறித்து, அன்றைய வானிலை அறிக்கையுடன் பொதுவிடத்துப் பலகையில் எழுதி வைப்பாராயின், குடியானவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுவர். சில வருஷங்களில் அக்குறிப்பே அவ்வூருக்குரிய மழைக்கணக்காக விளங்கும். அறிக்கை ஜில்லா முழுவதற்கும் பொதுவாக உரைப்பது; தம் வயலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை அக்கணக்கே காட்டும்.