மன்னிக்கப்படாத பாவம் உண்டா?

தவக்காலம் பிறந்துவிட்டால் பங்குத் தந்தையரிடம் ஆண்டுதோறும் தவறாது வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. “சுவாமி, எந்தப் பாவமும் மன்னிக்கப்படும் என்று பிரசங்கத்தில் சொல்லுகிறீர்கள். பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்திற்கு மன்னிப்பே கிடையாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, அது எது?” சிலர் இதனை வாதத்திற்காகக் கேட்கின்றனர். அவர்களைப்பற்றி நமக்குக் கவலையில்லை. குரலைத் தாழ்த்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “வேறொருவருக்காகக் கேட்கிறேன்” என்று தொடங்குவோர் உண்டல்லவா? அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

மாற்கு நற்செய்தியின் 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். இயேசு பேய்களை ஓட்டுகிறார். யெருசலேமிலிருந்து வந்த மறைநூல் அறிஞர்கள் அதனைக் கண்ணாரக் கண்டும், பேய்களின் தலைவனாகிய பெயல்செபூலைக் கொண்டே அவர் இதனைச் செய்கிறார் எனப் பறைசாற்றுகின்றனர். அப்பொழுதுதான் ஆண்டவர் இந்தக் கடும் வார்த்தையைச் சொல்லுகிறார். ஆனால் அதற்கு முன்னர் அவர் சொன்னதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்: மக்களுடைய பாவங்களும், அவர்கள் கூறும் பழிச்சொற்களும் எவையாயினும் மன்னிக்கப்படும் என்பதே அது. ஆண்டவர் ஏன் இவ்வாறு கூறினார் என்பதற்கு மாற்கு தாமே காரணம் காட்டுகிறார். அவரிடம் அசுத்த ஆவி உண்டு என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தமையாலாம். ஆகவே, இது வாய் தவறி உதிர்ந்த ஒரு சொல்லைப் பற்றியதன்று. ஒளியை ஒளியென்று அறிந்தும், அதனை இருளென்று துணிந்து சாதிப்பதைப் பற்றியது. கொடுத்த மருந்தை நஞ்சென்று கூறித் துப்பிவிடுகிற நோயாளி இறப்பானாயின், அது மருந்தின் குறையன்று.

மறைநூல் முழுவதிலும் இதைவிடக் கடினமான கேள்வி வேறு உண்டோ என்று புனித அகுஸ்தீனாரே திகைத்திருக்கிறார். இறுதியில் அவர் கண்ட விடை, சாகுமட்டும் மனந்திரும்ப மறுக்கும் கல்நெஞ்சமே அப்பாவம் என்பதாகும். நம் பாட்டனார் காலத்து ஞானோபதேச வகுப்புகளில் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவங்கள் ஆறு என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அவற்றுள் இறுதியானது இதுவே. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பரிசுத்த ஆவியைப் பற்றி வரைந்த சுற்றுமடலிலும், 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டிலும் இதே போதனையைக் காணலாம். கடவுளின் இரக்கத்திற்கு எல்லை இல்லை. அதனை வேண்டாமென்று தள்ளும் உரிமை மட்டும் மனிதனுக்கு உண்டு.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். “நான் அந்தப் பாவத்தைக் கட்டிக்கொண்டேனோ” என அஞ்சி நடுங்குகிறவர் அதனைக் கட்டிக்கொண்டவர் அல்லர். கல்லான நெஞ்சு அஞ்சாது. செபவேளையில் கடவுளைப் பழிக்கும் எண்ணங்கள் தாமாகவே மனத்தில் எழுந்து வதைக்கின்றன என்று அழுவோரைக் கண்டிருக்கிறோம். மனம் இசையாத எண்ணம் பாவமாகாது. புனித இஞ்ஞாசியார் மன்ரேசாவில் 1522-இல் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் எண்ணி வருந்தி, உயிரை மாய்த்துக்கொள்ளவும் சோதிக்கப்பட்டார். அத்தகையோர் ஒரே ஆன்ம குருவைத் தெரிந்துகொண்டு, அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவது நலம். மனநல மருத்துவரையும் நாடலாம்; அதில் வெட்கமேதுமில்லை.

திருச்சபை இதனை எளிதில் கற்றுக்கொண்டுவிடவில்லை. கி.பி. 250-இல் தேசியு என்னும் உரோமைப் பேரரசன், குடிமக்கள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டுமென ஆணையிட்டான். எகிப்து நாட்டு மணலில் அகப்பட்ட அச்சீட்டுகளில் நாற்பதுக்கு மேற்பட்டவை இன்றும் உள. கிறிஸ்தவர் பலர் அஞ்சிப் பலியிட்டனர். வேறு சிலர் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினர். கலகம் ஓய்ந்தபின் இவர்களெல்லாரும் கோயில் வாசலில் வந்து அழுது நின்றனர். சிறையிலும் சித்திரவதையிலும் உறுதியாய் நின்றவர்களும், உறவினரைப் பறிகொடுத்தவர்களும் உள்ளே இருந்தனர். மறுதலித்தவனைத் தங்கள் அருகில் எப்படி நிறுத்துவது? நாம் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

உரோமையில் நொவாசியன் என்ற குரு, இவர்களை மீண்டும் சேர்க்கவே கூடாதென்றார். அவர் சிறந்த கல்விமான். திரித்துவத்தைப் பற்றி அருமையான நூல் எழுதியவர். கற்றவரின் கடுமைக்கு எப்பொழுதும் ஆட்கள் கூடுவார்கள். 251-இல் கொர்னேலியு உரோமை ஆயராகத் தேர்ந்தெடுக்கப்படவே, இவர் தம்மையே எதிர் ஆயராக்கிக் கொண்டார். உரோமையில் கூடிய ஆயர்கள் அறுபதின்மர் அவரை விலக்கினர். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் நடுவழி கண்டார். வீழ்ந்தவர்கள் நெடுங்காலம் தவம் செய்யட்டும். ஆயினும் கதவு பூட்டப்படலாகாது என்றார். பின்னர், புதிய கலகம் வருமென்ற அறிகுறி தோன்றவே, தவம் செய்துகொண்டிருந்தோர் யாவரையும் உடனே ஏற்றுக்கொண்டார். போருக்குப் போகிறவனை ஆயுதமின்றி அனுப்பலாமா என்பது அவர் நியாயம். 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கமோ, நொவாசியன் கூட்டத்தார் திரும்பி வருவதாயின், வீழ்ந்து எழுந்தவர்களோடு உறவாட எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டுமென விதித்தது. மரணத் தறுவாயில் இருப்பவருக்கு வழியுணவை மறுக்கலாகாது என்பதும் அச்சங்கத்தின் ஆணையே.

சரி, அச்சத்தால் மறுதலித்தவனுக்கு இரங்கலாம். கோடிய கொடுமை செய்தவனுக்குமா?

அவுஷ்விட்ஸ் முகாமில் சுமார் 11 இலட்சம் மக்கள் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யூதர். அம்முகாமின் தலைவனாயிருந்த ருடால்ஃப் ஹெஸ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, விசுவாசத்தைக் கைவிட்டவன். போலந்து நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபின், 1947 ஏப்ரலில் வதோவிச்சே சிறையில் ஒரு குருவைக் கேட்டான். சேசு சபைத் தந்தை விளாதிஸ்லாவ் லோன் சென்று அவனுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, நற்கருணை வழங்கினார். லோன் அவர்களின் சபைத் துறவிகளும் அம்முகாமில் மாண்டவர்களுள் உண்டு. ஏப்ரல் 16-இல், முகாமின் வளாகத்திலேயே ஹெஸ் தூக்கிலிடப்பட்டான்.

இதனை வாசிக்கையில் நெஞ்சு கூசுகிறதென்றால் வியப்பில்லை, எமக்கும் கூசுகிறது. இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். குருவானவர் கொல்லப்பட்டவர்களின் சார்பாக மன்னிக்கவில்லை. அந்த உரிமை எந்தக் குருவுக்கும் இல்லை. அவர் வழங்கியது கடவுளின் மன்னிப்பு. அதுவும் மெய்யான மனஸ்தாபம் இருந்தால்தான் பலிக்கும். அந்த நெஞ்சத்தைக் கடவுள் ஒருவரே அறிவார். மேலும், தண்டனை தண்டனையாகவே நின்றது. பாவமன்னிப்பு தூக்குக் கயிற்றை அறுக்கவில்லை. அப்படியானால் எதற்கு அந்த மன்னிப்பு என்று கேட்பவர், மறுவுலகம் ஒன்று உண்டென்பதை மறந்தே கேட்கிறார்.

பாதிக்கப்பட்டவரே மன்னிப்பது வேறு மகிமை. 1902-இல் அலெக்சாந்திரோ செரனெல்லி என்ற இளைஞன், பதினோரு வயதுச் சிறுமி மரிய கொரற்றியைக் கத்தியால் குத்தினான். அவள் அவனை மன்னித்துவிட்டே உயிர் நீத்தாள். இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்து வெளிவந்தபின், அவன் சிறுமியின் தாய் அசுந்தாவைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்டான், அவளும் மன்னித்தாள். ஆனால் எந்தத் தாயையும் இவ்வாறு செய்யென்று நாம் கட்டாயப்படுத்தலாகாது. அது வரம், வாங்கும் கடனன்று.

இன்னும் சில தெளிவுகள். கருக்கலைப்புப் பாவத்தை எந்தக் குருவும் மன்னிக்க முடியாதென்று எண்ணி, ஆண்டுக்கணக்கில் நற்கருணை உட்கொள்ளாத தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் இதற்கான அதிகாரத்தை நிலையாக அளித்துவிட்டார். உரோமைக்கென ஒதுக்கப்பட்ட சில குற்றங்கள், நற்கருணையை இழிவுபடுத்துதல் போன்றவை, இன்றும் உண்டு. அவற்றிற்கும் மன்னிப்பு உண்டு. குருவானவர் பெயர் குறிப்பிடாமல் எழுதி அனுமதி பெற்றுத் தருவார்.

மரண ஆபத்து வந்துவிட்டால் அந்த ஒதுக்கீடும் இல்லை. எந்தக் குருவும், அதிகாரம் பறிக்கப்பட்டவரே ஆயினும், எந்தப் பாவத்தையும் மன்னிக்கலாம் என 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (976) கூறுகின்றது. ஆனால் நம் இல்லங்களில் நடப்பதென்ன? சுவாமியாரைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று, பேச்சு நின்று, நினைவு தப்பும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு நள்ளிரவில் ஆள் அனுப்புகிறார்கள். நோயாளி வாய்திறந்து பேசும்போதே சொல்லியனுப்புங்கள். எந்த நேரமானாலும் வருவோம்.