மண்பூரானின் கால் கணக்கு

மலாக்கா மாநிலத்தில் ஜாசினை அடுத்த பெம்பான் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில், நிரைகளுக்கு நடுவே அடுக்கிக் கிடந்து மழையில் மக்கிப்போன மட்டையொன்றை மெல்லப் புரட்டிப் பார்ப்போமாயின், மஞ்சள் நூலை நனைத்துப் போட்டாற்போன்ற ஒரு ஜந்து நெளிந்தோடி, நாம் இமைத்து விழிப்பதற்குள் மண்ணுக்குள் புகுந்துவிடக் காண்பது அபூர்வமன்று. பிள்ளைகள் “பூரான்! பூரான்!” என்று பதறி விலகுவார்கள். பூரான்தான், ஆனால் லயத்துக் குளியலறை மூலையில் பதுங்கியிருந்து, கடித்தால் இரவெல்லாம் கடுக்க வைக்கும் தடித்த பூரான் அன்று. மலாய்க்காரர் லிப்பான் என்னும் அதற்கு 21 இணைக் கால்களே உண்டு.

மண்ணுக்குள்ளேயே ஜீவிக்கும் இந்தப் பூரான் வகைகளுள், இந்தியா முதல் மலாயா வரையிலான உஷ்ணப் பிரதேசங்களில் பரவிய ஒன்றுக்கு மெசிஸ்டோசெபாலஸ் என்று பெயர். ஆங்கிலேய விஞ்ஞானி ஜார்ஜ் நியூபோர்ட் 1843-இல் இட்ட பெயர் அது. ‘மிக நீண்ட தலையுடையது’ என்பது அதன் கிரேக்கப் பொருள். பொருத்தமான நாமகரணந்தான். வெளிறிய சரீரத்தின் முன்னே, செம்பழுப்பு நிறத்தில், அகலத்தைவிட நீளம் மிகுந்த தலை. அதன் விளிம்பையும் தாண்டி, மேலிருந்து நோக்கினாலே தெரியும்படி இருபுறமும் நீண்டு வளைந்த விஷக்கொடுக்குகள். கண்கள் கிடையா. இருளில் வழி காட்டுவன, ஒவ்வொன்றும் 14 கணுக்களாலான இரண்டு உணர்கொம்புகளே.

ஆயினும் என் மனத்தைக் கவர்ந்த விசேஷம் கால்கள்தாம். நூறுகால் பூச்சி என்று ஆங்கிலேயர் இதன் குலத்துக்குப் பெயரிட்டார்களே, அந்த நூறு இதற்கு வாய்ப்பதேயில்லை. நூறு கால் என்றால் 50 இணை வேண்டும். பூரான்களிலோ இணைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே அமைவது நியதி. மெசிஸ்டோசெபாலஸில் பெரும்பாலான இனங்களுக்கு 49 இணை, அதாவது 98 கால். இரண்டே காலில் நூறு தவறிவிட்டது! கருவில் உடற்கண்டங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக உருவாவதும், அவற்றுள் முதற்கண்டத்துக் கால்கள் விஷக்கொடுக்குகளாக மாறிவிடுவதும் இதற்குக் காரணமென்பர். வேறு மண்பூரான்களில் ஒரே இனத்திலும் இணைகள் கூடும், குறையும். பெண்ணுக்கு ஆணைவிடச் சில அதிகமாகவும் இருக்கும். இங்கோ, 49 என்று விதிக்கப்பட்ட இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் அதே 49. வளர வளரக் கால் முளைப்பதென்பதும் இல்லை. குஞ்சு முழுக் கணக்கோடு பிறந்து, நீளத்தில் மட்டும் வளர்கிறது.

இத்தனை கால்களிருந்தும், மண்ணைத் துளைக்கும்போது மண்புழுவைப்போல் உடலைச் சுருக்கியும் நீட்டியுமே இது முன்னேறுகிறது. புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களும் இதற்கு ஆகாரம். மனிதரைத் தேடி வருவதில்லை. ஆகையால், மட்டையின் கீழ் அந்த மஞ்சள் நூலைக் கண்டால் செருப்பைத் தூக்காதீர்கள், மட்டையை இருந்தபடியே மூடிவிடுங்கள்.