மறையூர்ப் பாறை ஓவியங்கள்

வட்டவடை மலைக்கிராமத்தை ஒட்டிய மலைத்தொடருக்கு வடக்கே, இடுக்கி மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ளது மறையூர். கேரளத்தின் மிகப் பழைய பாறை ஓவியங்களில் சில இங்குள்ள காடுகளில் இருக்கின்றன. வட்டவடையிலிருந்து சாலை வழியே வருபவர்கள் மூணாறு சுற்றித்தான் வர வேண்டும். மறையூரை நெருங்கும்போது குளிரும் சோலைக்காடும் பின்தங்கி, சந்தன மரங்களும் முள்மரங்களும் நிறைந்த வறண்ட காடு தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழையை ஆனைமுடிப் பக்கத்து மலைகள் தடுத்துவிடுவதால் மறையூரும் அடுத்துள்ள சின்னாறு வனவிலங்குச் சரணாலயமும் மழைமறைவுப் பகுதிகள். மழை குறைவு என்பது ஓவியங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

கூடக்காவு சந்தனக் காட்டிலுள்ள எழுத்துக் குகையில்தான் ஓவியங்கள் அதிகம். 90-க்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. குகை என்று பெயர் இருந்தாலும் இத்தகைய இடங்கள் பெரும்பாலும் முன்னே நீண்டு கவிந்த பாறைகளே. மறையூருக்கு மேற்கே உயரத்தில் உள்ள அட்டளையில் பொருள் எளிதில் பிடிபடாத கோட்டு வடிவங்களே மிகுதி. எழுத்துக் குகையிலோ மான்கள், மனிதர்கள் என அடையாளம் காணக்கூடிய உருவங்கள் உண்டு.

பாறையின் முன் நின்றவுடன் எல்லாம் கண்ணில் பட்டுவிடாது. முதலில் தெரிவது செம்மண் கறை போன்ற ஒரு தீற்றல்தான். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் வளைந்த முதுகும் மெல்லிய கால்களும் கொம்பும் பிரிந்து தெரியும். சிவப்பு, இரும்புச் சத்துள்ள காவிக்கல்லிலிருந்து வந்தது; வெள்ளை, வெண்களிமண்ணிலிருந்து. இலைச்சாற்றைப் போலன்றி, வெயிலில் வெளிறாத கனிமம் என்பதாலேயே காவி இவ்வளவு காலம் நிற்கிறது.

இவற்றின் வயதைச் சொல்வது கடினம். கரிமக் காலக்கணிப்புக்குக் கரி போன்ற உயிர்ப்பொருள் வேண்டும். காவியில் அது இல்லை. ஆகவே எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் ஏறியிருக்கிறது, எந்த விலங்குகள் வரையப்பட்டுள்ளன என்பதைக் கொண்டு முன்பின் வரிசையைத்தான் ஆய்வாளர்கள் அறிகிறார்கள். பக்கத்து மேடுகளில் முனியறை என்று மக்கள் அழைக்கும் கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் அவை. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டும் இருப்பதால் ஓவியம் தீட்டியவர்களே கல்திட்டைகளையும் எழுப்பினார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் காக்காடு தேசியப் பூங்காவில் உபிர், நூர்லாங்கி பாறை ஓவியங்களைப் பார்க்க உலகெங்கிலும் இருந்து மக்கள் வருகிறார்கள். அங்கே பழங்குடியினர் நிலத்தின் மரபுவழி உரிமையாளர்களாகப் பூங்கா நிர்வாகத்தில் பங்கு பெறுகிறார்கள். நூர்லாங்கியில் 1960-களில்கூடப் பழங்குடி ஓவியர் ஒருவர் புதிதாக வரைந்தார். மறையூரில் அப்படித் தொடர்ந்த மரபு தெரியவில்லை. ஆனால் இந்தக் காட்டின் தடங்களை இங்குள்ள பழங்குடியினரான முதுவர்களும் மலைப்புலையர்களும் அறிந்த அளவு வேறு யாரும் அறிந்ததில்லை. சின்னாற்றில் வனத்துறை ஏற்பாடு செய்யும் நடைப்பயணங்களில் வழிகாட்டிகளாக வருபவர்களும் அவர்களே. ஆலாம்பட்டிக் குடிப் பக்கமாகச் செல்லும் தடத்தில் கல்திட்டைகளையும் ஓவியங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். ஓவியம் தெரியாத இடத்தில் வழிகாட்டியின் கண்ணை நம்புவதே நல்லது.

படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிப்பதுதான் மிகப் பெரிய தீங்கு. நீர் காயும்போது அதிலுள்ள உப்பு வெள்ளைப் படலமாகப் படிந்து, அடியிலுள்ள நிறத்தை மறைத்துவிடும். கைபட்டால் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஒட்டும்; பாறையடியில் மூட்டிய அடுப்பின் புகை கரியாகப் படியும். சாக்பீஸால் கோட்டைச் சுற்றி வரைவதும், பக்கத்தில் பெயர் கிறுக்குவதும் திரும்பப் பெற முடியாத இழப்பு. பல நூற்றாண்டு வெயிலையும் காற்றையும் தாங்கிய கோடு ஒரு மதியப் பொழுதில் அழிந்துபோவது பொறுக்கக்கூடியதல்ல. படம் எடுப்பவர்கள் ஃபிளாஷ் போடாமல், இயல்பான வெளிச்சத்தில் எடுத்தாலே கோடுகள் நன்றாக வரும்.

எழுத்துக் குகை காப்புக்காட்டுக்குள்ளும் சின்னாற்றுத் தடம் சரணாலயத்துக்குள்ளும் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. யானையும் காட்டெருமையும் நடமாடும் காடு இது. கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகுந்தால் நடைப்பயணங்களை நிறுத்திவைப்பதும் உண்டு என்பதால், கிளம்பும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.